பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கும் படம் எது?

(திண்டுக்கல்லில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வைப் பற்றிப் பேச இந்த மேடைக்குப் பல தடவை வந்திருக்கிறோம். போனஸைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் சிரித்தார்கள். "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டார்கள். வேலை நிறைய இருக்கிறது. இதுவும் அந்த வேலைகளில் ஒன்று. எப்படி என்று சொல்லுகிறோம்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு சகோதரி எங்களிடம் வந்தார். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்ப்பவர். வார லீவு நாளன்று புருஷன், ஐந்து வயதுப் பையன், மூன்று வயதுப் பெண் எல்லோருமாகத் திண்டுக்கல் வந்து ராத்திரி ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். போஸ்டரில் நடிகர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு குழந்தையின் படமும் இருக்கிறது. உள்ளே போனால் அரை மணி நேரத்துக்குள் அரிவாளும் ரத்தமும்! சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளியே போம்மா" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அதட்டினார். மீதிப் படம் முழுவதும் அந்தச் சகோதரி வெளியே வராந்தாவில் நின்று கழித்தார். பையன் அப்பாவோடு உள்ளேயே இருந்தான். அவன் அழவில்லை. ஆனால் அன்று முதல் ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பினால் காலைக் கட்டிக்கொள்ளுகிறான். படத்தில் அப்பாவாக நடித்தவரை வெட்டிக் கொல்லுவதை அவன் பார்த்துவிட்டான்.

அந்தச் சகோதரி எங்களைக் கேட்ட கேள்வி இதுதான்: "நல்ல படம் எது, பிள்ளைக்கு ஆகாத படம் எது என்று எங்களுக்கு யாருண்ணே சொல்லுவா?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆகவே தோழர்களைக் கலந்து, சட்டத்தைப் படித்து, படங்களைப் பார்த்து, ஒரு பதிலோடு வந்திருக்கிறோம்.

ஓய்வு நேரம் யார் கொடுத்தது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்துகொள்ளுவோம். ஓய்வு நேரம் முதலாளி போட்ட பிச்சை அல்ல. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் நம் இஷ்டத்துக்கு என்ற கோஷத்துக்காக 1886-ல் சிக்காகோவில் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நம் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அப்படிக் கிடைத்த நேரம் இது. அதையும் பறிக்கப் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவிக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வருகிற தாய்க்குப் பிள்ளையோடு படம் பார்க்க நேரம் ஏது? பிள்ளை முகத்தைப் பார்க்கவே நேரம் இருக்காது!

நேரம் ஒரு பக்கம். காசு மறு பக்கம். 2025–26 நிதியாண்டுக்கு நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாள் ஒன்றுக்கு ரூ.336. கையில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது வேலைக்குப் போன தாய்மார்களுக்குத் தெரியும். நாலு பேர் உள்ள குடும்பம் கிராமத்திலிருந்து திண்டுக்கல் வந்து, டிக்கெட் வாங்கி, இடைவேளையில் பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்து, பஸ் பிடித்துத் திரும்பினால் அந்த ஒரு நாள் கூலி போதவே போதாது.

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். சேலை எடுத்தால் சாயம் போகுமா என்று கசக்கிப் பார்க்கிறோம். விதை வெங்காயம் வாங்கினால் முளைக்குமா என்று நாலு பேரைக் கேட்கிறோம். ஒரு நாள் கூலியையும் ஒரு வார ஓய்வையும் கொடுத்து, பிள்ளையின் மனசுக்குள் போகப்போகிற ஒரு சரக்கை வாங்கும்போது மட்டும் போஸ்டரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இது சரியா?

நம் ஊரில் சினிமா என்றும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. எம்.ஜி.ஆர். 1972-ல் கட்சி தொடங்கினார். அந்தக் கட்சியின் முதல் வெற்றி எங்கே கிடைத்தது? இதே திண்டுக்கல் தொகுதியில், 1973 மே 20-ல் நடந்த இடைத்தேர்தலில். அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் 'உலகம் சுற்றும் வாலிபன்' திரைக்கு வந்தது. திரையில் பார்த்த முகம் மனசில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு நம் ஊரைவிட வேறு சாட்சி வேண்டாம். வாக்குப் போடுகிற பெரியவர்களுக்கே அப்படி என்றால், ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா?

சென்சார் எழுத்து என்ன சொல்லுகிறது?

"சென்சார்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1952-ம் வருஷத்துச் சினிமாச் சட்டப்படி எல்லாப் படங்களுக்கும் சர்டிபிகேட் உண்டு. ஆரம்பத்தில் 'யு', 'ஏ' என்று இரண்டு வகை. 'யு' எல்லோருக்கும், 'ஏ' பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். 1983-ல் இடையில் 'யு/ஏ' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெற்றோரின் யோசனைப்படி பார்க்கலாம் என்பது அதன் பொருள். நான்கு வயதும் பதினொரு வயதும் ஒன்றா? அந்த எழுத்து அதைச் சொல்லவில்லை. 2023-ல் சட்டத்தைத் திருத்தி 'யு/ஏ' வகையை மூன்றாகப் பிரித்தார்கள்: 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல். இது நமக்கு உபயோகமான மாற்றம். போஸ்டரில், விளம்பரத்தில், படம் தொடங்குமுன் திரையில் காட்டும் சர்டிபிகேட்டில் அந்த எண் இருக்கும். 13 என்று போட்டிருந்தால் ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போகுமுன் ஒரு தடவை யோசியுங்கள். 16 என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஒரு சங்கதி சொல்லுகிறோம். 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்று மாநில சர்க்கார் அறிவித்தது. 2011-ல் அந்தச் சலுகைக்கு 'யு' சர்டிபிகேட்டும் வேண்டும் என்று சேர்த்தார்கள். விளைவு என்ன? 'யு' என்ற ஓர் எழுத்துக்குள் பெரும் பணம் புகுந்துகொண்டது. நாலு ரத்தக் காட்சியை வெட்டி, இரண்டு வசனத்தை ஊமையாக்கி, எப்படியாவது 'யு' வாங்கிவிட வேண்டும் என்ற போட்டி நடந்தது. பிள்ளைக்கு ஏற்ற படம் என்பதும், வரிச் சலுகைக்கு ஏற்ற படம் என்பதும் ஒன்றாகிப் போயின. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்தக் கேளிக்கை வரி ஏற்பாடு போய்விட்டது. ஆனாலும் அந்தக் காலத்துப் படங்கள் டி.வி.யில் இன்றும் ஓடுகின்றன. 'யு' என்றிருப்பதாலேயே அவை பிள்ளைகளுக்காக எடுத்தவை என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு சம்பவத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 மார்ச் மாதம், சென்னை கோயம்பேட்டில் உள்ள ஒரு தியேட்டரில் 'பத்து தல' படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர்கள் வாசலிலேயே தடுத்தார்கள். அந்தக் காட்சியை ஜனங்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. தியேட்டர் தரப்பில் என்ன சமாதானம் சொன்னார்கள் தெரியுமா? படம் 'யு/ஏ', பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விட முடியாது என்றார்கள்! பிறகு அந்தக் குடும்பத்தை உள்ளே அனுமதித்தார்கள் என்பது வேறு விஷயம். சட்டம் என்ன சொல்லுகிறது? தாய் தகப்பனோடு வந்த பிள்ளையை 'யு/ஏ' படத்துக்கு விடக் கூடாது என்று அன்றைய சட்டத்தில் எங்கும் இல்லை. அதே வருஷம் வந்த திருத்தம் இதை இன்னும் பச்சையாகவே சொல்லுகிறது: அந்த வயது எண் பெற்றோர் யோசிப்பதற்காக, பெற்றோரோ பாதுகாவலரோ தவிர வேறு யாரும் அதை வைத்துத் தடுக்க முடியாது.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. ஒன்று, கிழிந்த சட்டையைப் பார்த்து, சாதியைப் பார்த்து யாராவது வாசலில் தடுத்தால் தைரியமாகக் கேளுங்கள். சட்டம் நம் பக்கம். இரண்டு, தீர்மானிக்கிற உரிமை நம்முடையது என்றால் தீர்மானிக்கிற பொறுப்பும் நம்முடையதுதான்.

நம் படமானாலும் யோசிக்க வேண்டும்

எப்படித் தீர்மானிப்பது? மூன்று கேள்வி போதும்.

முதல் கேள்வி: பிள்ளை பயப்படுமா? ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் திரையில் நடப்பதும் வீட்டில் நடப்பதும் ஒன்றுதான். 'நடிக்கிறார்கள்' என்று நாம் சொன்னாலும் அதன் நெஞ்சு நம்பாது. அதிலும் அப்பா, அம்மா சாவது, பிள்ளை தொலைந்து போவது, இருட்டில் யாரோ வருவது, இவை மூன்றும் சின்னப் பிள்ளையை உலுக்கிவிடும்.

இரண்டாவது கேள்வி: கதை பிள்ளைக்குப் புரியுமா? புரியாத படத்தில் பிள்ளை சும்மா இருக்காது. ஓடும், அழும், தூங்கும். கடைசியில் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பவள் தாய். தகப்பன்மார்களே, போன தடவை வெளியே நின்றது யார் என்று நினைத்துப் பாருங்கள்!

மூன்றாவது கேள்வி: இந்தப் படம் எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லுகிறது? கறுப்பு நிறத்தை, குண்டு உடம்பை, திக்கிப் பேசுகிறவனை, பெண்டாட்டியை அடிப்பதைக் காட்டிச் சிரிக்க வைக்கிற படத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் இருக்கலாம். சென்சாரும் விட்டுவிடலாம். ஆனால் பிள்ளை அந்தச் சிரிப்பை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகும். அங்கே அது சிரிப்பது யாரைப் பார்த்து? பெரும்பாலும் நம்மைப் போன்ற இன்னொரு உழைப்பாளி வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத்தான்.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல கருத்துள்ள படம் என்றால் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படத்தை நாம் கொண்டாடினோம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நடந்த கொடுமையையும், செங்கொடி இயக்கம் அவர்களோடு நின்றதையும், வழக்கறிஞர் சந்துரு வாதாடியதையும் வைத்து எடுத்த படம். ஆனால் லாக்கப்பில் நடக்கும் சித்திரவதையை ஐந்து வயதுப் பிள்ளை பார்க்கத் தேவையில்லை. 2024-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'வாழை' படம் பள்ளி லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவனின் கதை. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் பார்க்க வேண்டிய படம். ஆனால் லாரி கவிழ்ந்து ஜனங்கள் மடியும் அந்த முடிவைத் தாங்குகிற வயது வந்த பிறகு பார்க்க வேண்டும். நல்ல படம் வேறு. சின்னப் பிள்ளைக்கு ஏற்ற படம் வேறு. நெல்லுச்சோறு நல்லதுதான், ஆறு மாதக் குழந்தைக்குக் கவளமாக ஊட்ட முடியுமா? கொள்கைக்குப் பொறுமை வேண்டும். பிள்ளை வளரும், படமும் எங்கும் ஓடிப் போகாது.

பொம்மைப் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம் என்ற நினைப்பும் தவறு. ஜப்பானில் ஒரே ஸ்டூடியோ 1988-ல் இரண்டு பொம்மைப் படங்களை ஒரே டிக்கெட்டில் காட்டியது. ஒன்று 'டோடோரோ'. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, கிராமத்துக்குக் குடிவரும் அக்கா தங்கை இருவரின் கதை. மூன்று வயதுப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே பார்க்கும். மற்றது 'மின்மினிகளின் கல்லறை' என்று பொருள்படும் படம். யுத்தத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகிற கதை. யுத்தத்துக்கு எதிராக இதைவிட வலுவான படம் சிலவே உண்டு. ஆனால் பெரியவர்களே தேம்பி அழுவார்கள். இரண்டும் பொம்மைப் படம்தான்! ஆகவே பொம்மையைப் பார்க்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

பிள்ளையும் தாய் தகப்பனும் சேர்ந்து பார்க்கக்கூடிய படங்கள் இல்லாமல் இல்லை. 2015-ல் மணிகண்டன் எடுத்த 'காக்கா முட்டை' தேசிய அளவில் சிறந்த குழந்தைகள் படம் என்று பரிசு பெற்றது. குப்பத்துச் சிறுவர்கள் இருவர் பீட்சா தின்ன ஆசைப்படுகிறார்கள். ரயிலிலிருந்து விழும் கரியைப் பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள். காசு இருந்தும் கடைக்குள் விடவில்லை. நல்ல சட்டை போட்டுப் போனாலும் அடிதான் கிடைக்கிறது. பிள்ளைகள் அதைச் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். நாம் நெஞ்சு கனத்துப் பார்ப்போம். 2009-ல் பாண்டிராஜ் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளை வைத்து எடுத்த 'பசங்க' இன்னொன்று. பிள்ளைகளின் சண்டையும் பெற்றோரின் சண்டையும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று காட்டுகிற படம். ஈரான் நாட்டில் மஜித் மஜிதி 1997-ல் எடுத்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்' படத்தில் ஒரே ஜோடி ஷூவை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுகிறார்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன? செருப்பில்லாத கால் எல்லா ஊரிலும் ஒன்றுதான்!

பாஷையே வேண்டாம் என்றால் சாப்ளின் இருக்கிறார். 1921-ல் வந்த அவருடைய 'சிறுவன்' படம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். அநாதைக் குழந்தையை ஒரு ஏழை எடுத்து வளர்க்கும் கதை. ஆனால் அதிலும் அந்தக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஓர் இடம் உண்டு. அந்த நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 1936-ல் வந்த 'நவீன காலம்' மில் தொழிலாளி தவறாமல் பார்க்க வேண்டியது. சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கத் தொழிலாளிக்கு மிஷினை வைத்துச் சோறு ஊட்டிப் பார்க்கிறான் முதலாளி. பிள்ளை அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பா ஏன் சிரிக்கவில்லை என்று திரும்பிப் பார்க்கும். அப்போது சொல்லுங்கள், மில் எப்படி இருக்கும் என்று!

படம் முடிந்ததும் பேசுவது படம் பார்ப்பதைப் போலவே முக்கியம். 'உனக்கு யாரைப் பிடித்தது? அவன் ஏன் அப்படிச் செய்தான்?' என்று பஸ்ஸில் வரும்போது கேளுங்கள். பிள்ளை பயந்திருந்தாலும் அப்போதுதான் வெளியே வரும்.

எந்த ஆட்டத்துக்குப் போவது?

படத்தைப் போலவே நேரத்தையும் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. ராத்திரி இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு, நடுநிசியில் பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு போய்ச் சேர்ந்தால் அந்தத் தூக்கம் எங்கே? நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் பூப்பறிக்கப் போகிற தாய்க்குத்தான் தூக்கம் எங்கே? முடிந்தவரை பகல் ஆட்டத்துக்குப் போங்கள்.

முதல் நாள் கூட்டத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். 2024 டிசம்பர் 4-ந் தேதி இரவு, ஐதராபாத்தில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சியின்போது நெரிசலில் ஒரு தாய் இறந்துபோனார். அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். 2025 செப்டம்பர் 27-ந் தேதி, நமக்குப் பக்கத்து மாவட்டமான கரூரில், நடிகர் விஜய் பேசிய அரசியல் கூட்டத்தின் நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேர் மாண்டார்கள். யார் மேல் குற்றம் என்பது கோர்ட்டு வேலை. நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கூட்டம் நெருக்கினால் முதலில் மூச்சு முட்டுவது இடுப்பளவு உயரம் உள்ள பிள்ளைக்கு. படம் அடுத்த வாரமும் ஓடும்.

வீட்டுக்குள்ளே ஓடும் தியேட்டர்

தியேட்டருக்கு மாதம் ஒரு தடவை போவோம். வீட்டில் தினமும் ஓடுகிறதே, அதை யார் பார்ப்பது? 2006-ல் ஆரம்பித்த இலவச டி.வி. திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொடுத்தார்கள். விவசாயக் கூலி வீட்டுக்கும் டி.வி. வந்தது. நல்லதுதான், பணக்காரன் மட்டும் பார்க்க வேண்டுமா? இப்போது அதோடு செல்போனும் வந்துவிட்டது. அம்மா ஷிப்டில் நிற்கிறாள், பாட்டி அடுப்படியில், பிள்ளை கையில் போன். யார் மேலும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் போன்தான் ஆயாவாக இருக்கிறது. மில்லில் ஒழுங்கான பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று நாம் கேட்பது இதற்காகவும்தான்.

ஆனால் சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் போனும் வேண்டாம், டி.வி.யும் வேண்டாம். நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது. இதுவும் அந்தச் சுகாதார ஸ்தாபனம் சொன்னதுதான். போனில் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதல்லவா? பிள்ளைக்கு எது நல்லது என்று பார்த்து அந்த மிஷின் எடுத்துக் கொடுப்பதில்லை. எதைக் காட்டினால் கண்ணை எடுக்காமல் இருக்கும் என்று பார்த்தே கொடுக்கிறது. தானாக ஓடுவதை நிறுத்தி வைக்க வசதி இருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் செய்து தரச் சொல்லுங்கள். காசு கட்டிப் பார்க்கும் இணையப் படங்களுக்கு 2021 விதிப்படி வயது எண் போட வேண்டும். 13-க்கு மேல் என்று குறித்த படங்களுக்குப் பூட்டுப் போடும் வசதியையும் கொடுக்க வேண்டும். பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரர்கள் நாம். நம் வீட்டுப் போனுக்கு ஒரு பூட்டுப் போட மாட்டோமா?

திருவிழா மேடை யாருடையது?

இன்னொரு காட்சியையும் பேசாமல் விட முடியாது. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா தொடங்கி, ஊர் ஊராகக் காளியம்மன், முத்தாலம்மன் கும்பிடு நடக்கிறது. ராத்திரி மேடையில் ஆடல் பாடல் என்ற பேரில் என்னென்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து பார்ப்பது யார்? நம் பிள்ளைகள். மேடையில் ஆடுகிற பெண்ணை நாங்கள் குறை சொல்லவில்லை. அவளும் கூலிக்கு வந்தவள்தான். ஆடச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். அந்த அட்வான்ஸ் எங்கிருந்து வந்தது? நாம் கொடுத்த தலைக்கட்டு வரியிலிருந்து வந்தது!

இங்கே நாம் வெறும் பார்வையாளர் அல்ல, காசு கொடுத்தவர்கள். வரி வசூலிக்க ஊர் கூடும்போதே கேட்க வேண்டும்: இந்த வருஷம் மேடையில் என்ன? சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களை ஆட நம் பக்கத்தில் இன்றும் கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும். பறை, ஒயில், கரகம் இருக்கிறது. முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கலை இரவுகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளையே மேடையேற்றி ஒரு மணி நேரம் நாடகம் போடச் சொல்லலாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்கு, ஒன்பது மணிக்குப் பெரியவர்களுக்கு என்று பிரித்தாலே பாதிப் பிரச்னை தீரும். தாய்மார்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்து கேட்க வேண்டும். 'பெண்கள் ஊர்க்கூட்டத்தில் பேசுவதா?' என்று யாராவது முணுமுணுத்தால், 'வரியில் பாதி எங்கள் கூலி' என்று சொல்லுங்கள்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் உண்டு. பிள்ளைகளுக்குப் படம் எடுப்பதற்காகவே மத்திய சர்க்கார் 1955-ல் குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஒன்றை அமைத்தது. 2022-ல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு கரைத்துவிட்டார்கள். லாபம் வராத இடத்தில் முதலாளி படம் எடுக்க மாட்டான். ஆகவேதான் பொதுப்பணம் வேண்டும் என்கிறோம். நம் மாநிலத்தில் 2022-ல் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வரவேற்கிறோம். உங்கள் ஊர்ப் பள்ளியில் அது நடக்கிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். நடக்காவிட்டால் நடத்தச் சொல்லுங்கள்.

யார் சொல்லுவார்கள்?

கடைசியாக அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறோம். யார் சொல்லுவார்கள்? சென்சார் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். போஸ்டர் சொல்லாது. ரசிகர் மன்றம் சொல்லாது. அப்படியானால் யார்?

நாம்தான். பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்ல வேண்டும்.

மில்லில் மேஸ்திரி எப்படி, எந்த மிஷின் கையைப் பிடிக்கும் என்று முதல் ஷிப்டுக்காரர் இரண்டாவது ஷிப்டுக்காரருக்குச் சொல்லித்தானே விட்டுப் போகிறார்? எந்தத் தோட்டத்தில் கூலி ஒழுங்காகக் கிடைக்கும் என்று ஒரு ஊர்ப் பெண்கள் அடுத்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லுகிறார்களே! அதே வழியில் இதையும் சொல்லுவோம். எங்கள் யோசனை இதுதான். ஒவ்வொரு கிளையிலும் சங்கப் பலகையில் சனிக்கிழமைதோறும் நாலு வரி எழுத வேண்டும். படத்தின் பேர், சர்டிபிகேட் எண், பிள்ளை பயப்படும் காட்சி உண்டா, எத்தனை வயதுக்கு மேல் கூட்டிப் போகலாம். அதே நாலு வரியை மில் வேனில் பேசுங்கள், போனில் அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கக் கட்டிடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவோம். காட்ட அனுமதியுள்ள படமாகப் பார்த்து எடுப்போம். டிக்கெட் கிடையாது. யார் பிள்ளை அழுதாலும், "வெளியே போ" என்று யாரும் சொல்லக் கூடாது.

முதல் நாலு வரியை அந்தச் சகோதரியே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பாதியில் வெளியே வந்துவிட்ட அதே படத்தைப் பற்றி. கடைசி வரி இது: "பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். நான் கூட்டிப் போய்விட்டேன்."

நாளை அது பலகையில் ஏறும். அடுத்த வாரம் எழுதப் போவது நீங்கள்.